இது அழுகுணி ஆட்டமா?



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'விளையாட்டு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். பக்கத்துச் சார்ட்டில் கபடியும் கோ-கோவும் வந்துவிட்டன. நான் எழுதப் போவது வீடியோ கேம் பற்றி. "படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று உடனே முகம் சுளிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

என் கேள்வி இதுதான். ஒரு பழைய கேமைப் பல வருடம் கழித்துப் புதிதாகச் செய்கிறார்கள். அப்போது அதில் வரும் பெரிய எதிராளியை முன்பைவிடக் கடினமாக்கிவிடுகிறார்கள். இது நியாயமா, அழுகுணி ஆட்டமா?

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கேள்வியால் எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை.

நடந்தது என்ன?

எங்கள் மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். நம்ம பக்கத்தில் எத்தனை வீட்டுக்கு ஒரு சிங்கப்பூர் மாமா இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது, யாரோ விற்ற பழைய நின்டென்டோ டிஎஸ் ஒன்றை அண்ணனுக்கு வாங்கி வந்தார். அதோடு ஒரே ஒரு கேம், போக்கிமான் டயமண்ட். அண்ணன் அப்போது ஆறாவது. அந்த கேமில் தமிழ் கிடையாது, இங்கிலீஷ் அவனுக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் இரண்டு மாதத்தில் கடைசி எதிராளி சிந்தியாவை ஜெயித்துவிட்டான். தெருப் பசங்க எல்லாம் திண்ணையில் கூடி நின்று பார்த்தார்களாம். இந்தக் கதையை நான் ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

போன பொங்கலுக்கு மாமா நின்டென்டோ ஸ்விட்ச் கொண்டு வந்தார். அதில் போக்கிமான் பிரில்லியன்ட் டயமண்ட் இருந்தது. பழைய டயமண்டின் ரீமேக். அதே கதை, அதே ஊர்கள், அதே சிந்தியா. அண்ணன் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

ஏன் ரொம்ப நாள் என்றால், அண்ணன் டிகிரி முடித்துவிட்டு ஒரு போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். முதல் தடவை கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. இரண்டாவது தடவை ரிசல்ட் பொங்கலுக்குச் சில நாள் முன்னால் வந்தது. முதல் தடவையைவிடக் குறைவு. "கேள்விய மாத்திட்டாய்ங்கம்மா" என்று அம்மாவிடம் ஒரே வரி சொன்னான். அப்புறம் யாரிடமும் பேச்சில்லை. அதனால் அந்த ஸ்விட்சை அவன் கையில் எடுத்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தனக்குத் தெரிந்த ஒன்றில் ஜெயிக்கட்டுமே என்று நினைத்தேன்.

அவன் ஜெயிக்கவில்லை. சிந்தியாவிடம் பதினோரு தடவை தோற்றான். பதினோராவது தடவை மெஷினைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இது அழுகுணி ஆட்டம்டி. பழசுல இப்படிக் கிடையாது. வேணும்னே மாத்தி வச்சிருக்காய்ங்க" என்றான்.

அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். அன்றைக்கு நின்றதுதான் எங்கள் பேச்சு.

பாஸ் யார்? ரீமேக் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோ கேமில் வழியெல்லாம் சின்னச் சின்ன எதிரிகள் வருவார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய எதிரி நிற்பான். அவன்தான் 'பாஸ்'. அவனை ஜெயித்தால்தான் அடுத்த கட்டம். டிவியில் கேசட் போட்டு மரியோ ஆடியவர்களுக்குத் தெரியும், பாலத்தின் மேல் நின்று நெருப்புத் துப்புகிற பவுசர் ஒரு பாஸ்.

ரீமேக் நமக்குச் சினிமாவில் பழக்கமானதுதான். 1980இல் ரஜினி நடித்த பில்லாவை 2007இல் அஜித் நடித்து மறுபடி எடுத்தார்கள். கேமிலும் அப்படியே. ஆனால் ஒரு வித்தியாசம். சினிமா ரீமேக்கில் வில்லன் பலமாகிவிட்டால் அடி வாங்குவது ஹீரோ, நாம் பாப்கார்ன் சாப்பிடலாம். கேம் ரீமேக்கில் அடி வாங்குவது நாம்.

சிந்தியாவிடம் என்ன மாறியது?

அண்ணன் பேசாத அந்த நாலு நாளில் நான் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். இணையத்திலும் தேடிப் படித்தேன். கேம் பாயிண்ட் ஒன்றும் மாறவில்லை போலத்தான் இருக்கிறது. பழைய டயமண்ட் 2006இல் ஜப்பானில் வந்தது, ரீமேக் 2021 நவம்பரில் வந்தது. பதினைந்து வருட இடைவெளி. ஆனால் சிந்தியா கையில் இருக்கும் ஆறு போக்கிமானும் அதே ஆறுதான். கடைசியில் வரும் கார்சோம்ப்பின் லெவல் அன்றைக்கும் 66, இன்றைக்கும் 66.

அப்புறம் எது மாறியது? கண்ணுக்குத் தெரியாதவை மாறின. மனிதர்கள் போட்டிக்குப் போகும்போது தங்கள் போக்கிமானுக்குக் கொடுக்கும் நுணுக்கமான பயிற்சியைப் புது சிந்தியா தன் ஆறுக்கும் கொடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றின் கையிலும் யோசித்துத் தேர்ந்தெடுத்த ஒரு பொருள் இருக்கிறது.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். கார்சோம்ப் என்பது டிராகன், நிலம் இரண்டு வகையும் சேர்ந்தது. அதன்மேல் ஐஸ் அடி நாலு மடங்காக விழும். அண்ணனின் பழைய ரகசியமே அதுதான். வேகமான ஒரு போக்கிமானுக்கு 'ஐஸ் பீம்' கற்றுக்கொடுத்துக் கடைசி வரை காப்பாற்றி வைத்திருப்பான். கார்சோம்ப் வந்ததும் ஒரே அடி, கதை முடிந்தது. ரீமேக்கில் கார்சோம்ப் கையில் 'யாச்சே' என்று ஒரு பழம் இருக்கிறது. முதல் ஐஸ் அடி விழும்போது அந்தப் பழம் அடியைப் பாதியாகக் குறைத்துவிடும். கார்சோம்ப் சாகாது. திருப்பி அடிக்கும். அண்ணனின் நம்பிக்கை நட்சத்திரம் அதே இடத்தில் காலி.

இன்னொன்று மிலோட்டிக். அழகான பாம்பு மாதிரி இருக்கும். அது கையில் 'ஃபிளேம் ஆர்ப்' என்ற நெருப்புருண்டை. அதை வைத்துத் தன்னைத் தானே சுட்டுக்கொள்ளும்! பைத்தியமா என்று கேட்கத் தோன்றும். இல்லை. மிலோட்டிக்குக்கு உடம்பில் ஏதாவது கோளாறு இருந்தால் அதன் தோல் தடித்துவிடும், நேரடி அடிக்கான தற்காப்பு ஒன்றரை மடங்காகும். தீக்காயம் பட்டால் நேரடி அடி அடிக்கும் பலம் பாதியாகும்தான், ஆனால் மிலோட்டிக் அந்த வகை அடியை நம்பியே இல்லை. சின்ன நஷ்டத்தைத் தானே ஏற்று பெரிய லாபம் பார்க்கிறது. இதைப் படித்தபோது எனக்கு எதிரி மேலேயே மரியாதை வந்துவிட்டது.

இன்னொரு கொடுமை. சிந்தியாவுக்கு முன்னால் நான்கு பேரை வரிசையாக ஜெயித்து வரவேண்டும். அவளிடம் தோற்றால் மறுபடி அந்த முதல் ஆளிடமிருந்து ஆரம்பம். அண்ணன் பதினோரு தடவை தோற்றான் என்றால் அந்த நாலு பேரையும் பதினோரு தடவை ஜெயித்திருக்கிறான் என்று அர்த்தம். அது தெரிந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் கட்சி

அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரீமேக் என்று சொல்லி விற்கிறவர்கள் எதை விற்கிறார்கள்? பழைய ஞாபகத்தைத்தான். 'நீ சின்ன வயதில் ஆடியது மறுபடி வருகிறது' என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டு, நீ சின்ன வயதில் கற்றது இங்கே செல்லாது என்றால் கோபம் வராதா?

இன்னொரு உதாரணமும் அவன் கட்சிக்குப் பலம் சேர்க்கும். மெட்ராய்ட் 2 என்று ஒரு கேம், 1991இல் கேம் பாய்க்கு வந்தது. கடைசி பாஸ் ராணியைக் கொன்றபின் ஒரு குட்டி மட்டும் முட்டையிலிருந்து வெளியே வந்து நம் பின்னாலேயே வரும். அதைக் கூட்டிக்கொண்டு நம் கப்பல் வரை நடந்து போவதுதான் முடிவு. வழியில் ஒரு எதிரி கிடையாது. அந்த அமைதிதான் அழகு என்று அதை ஆடியவர்கள் சொல்வார்கள். 2017இல் 'சாமஸ் ரிட்டர்ன்ஸ்' என்று ரீமேக் செய்தபோது, அந்த அமைதியான முடிவில் ரிட்லி என்ற இன்னொரு பெரிய பாஸைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள். சண்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமைதி போய்விட்டது. கடினமாக்குவது எல்லாமே நல்லதல்ல என்பதற்கு நானே சாட்சி சொல்வேன்.

என் கட்சி

இப்போது என் வாதம். பழைய பாஸைப் பழையபடியே விட்டால் என்ன ஆகும்? அவனுடைய எல்லா வித்தையும் ஆடுகிறவனுக்குத் தெரியும். இணையத்திலும் இருக்கிறது. விடையைத் தெரிந்துகொண்டு விடுகதை கேட்கிற மாதிரி ஆகிவிடும். அண்ணன் ஆறாவதில் திண்ணையில் ஜெயித்தபோது வந்த சந்தோஷம், ஜெயித்ததால் மட்டும் வந்ததல்ல. ஜெயிப்போமா என்று தெரியாமல் ஜெயித்ததால் வந்தது. அந்தத் 'தெரியாமை'யைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் பாஸை மாற்றித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு காரணம், நம் கையும் மாறியிருக்கிறது. பழைய மெட்ராய்ட் 2இல் குறுக்காகச் சுட முடியாது. ரீமேக்கில் எந்தப் பக்கமும் குறி வைக்கலாம், எதிரி பாய்ந்து வரும்போது சரியான நொடியில் தட்டிவிட்டுத் திருப்பி அடிக்கலாம். கைக்கு இவ்வளவு கொடுத்துவிட்டு, எதிரியை மட்டும் பழைய மாதிரி மெதுவாக நகரவிட்டால் அது சண்டையா? நாம் வளர்ந்த அளவுக்கு அவனும் வளர வேண்டும்.

மாற்றத்தை எப்படி நியாயமாகச் செய்யலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ஃபைனல் ஃபேன்டஸி 7. நான் ஆடவில்லை, ஆடுகிறவர்களை யூடியூபில் பார்த்தேன். 1997இல் வந்த பழைய கேமில் 'ஹெல் ஹவுஸ்' என்று ஒரு எதிரி உண்டு. வீடுதான் எதிரி! வழியில் வரும் சாதாரண எதிரி, அவ்வளவே. 2020 ரீமேக்கில் அதே வீட்டை ஒரு பெரிய அரங்கத்தில், கூட்டம் கைதட்ட, பாஸாக இறக்கிவிட்டார்கள். நெருப்பு, பனி என்று அது தன் தற்காப்பை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் மாற்றும்போதெல்லாம் சன்னல் வெளிச்சத்தின் நிறம் மாறும். எந்த நிறத்துக்கு எந்த அடி என்று கவனித்தால் ஜெயிக்கலாம். கவனிக்காவிட்டால் தோற்கலாம். சன்னலை மூடிவைத்து ஏமாற்றவில்லை. இதை எப்படி அழுகுணி என்பது?

அப்படியானால் எது அழுகுணி?

என் கருத்தில் மூன்று விஷயங்கள் அழுகுணி.

முதலாவது, எதிரியின் உயிர்க்கோட்டை மட்டும் நீட்டுவது. அதே அடி, அதே ஓட்டம், ஆனால் பத்து அடிக்குச் சாகிறவன் நாற்பது அடிக்குச் சாகிறான். இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கட்டைவிரல்தான் வலிக்கும்.

இரண்டாவது, முன்னறிவிப்பே இல்லாமல் அடிப்பது. அடி வருவதற்கு முன் ஒரு அசைவோ, ஒரு சத்தமோ, ஒரு வரி எழுத்தோ இருக்கவேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். போகிற வழியெல்லாம் சுலபமாக வைத்துவிட்டு, கடைசி ஆளை மட்டும் மலையாக நிறுத்துவது.

இந்த மூன்றையும் வைத்து நம் சிந்தியாவைப் பார்ப்போம். முதல் குற்றம் இல்லை, லெவல்கூட ஏறவில்லை. இரண்டாவது? இங்கேதான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கார்சோம்ப் அந்தப் பழத்தைத் தின்றதும் திரையில் ஒரு வரி வருகிறது, யாச்சே பழம் அடியின் வேகத்தைக் குறைத்துவிட்டது என்று. அண்ணன் ஆடும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எழுத்து வந்தால் படிக்கவே மாட்டான், பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டிவிடுவான். பழைய கேம் மனப்பாடம் அல்லவா! பதினோரு தடவையும் அந்த வரி வந்திருக்கிறது. பதினோரு தடவையும் அவன் தாண்டியிருக்கிறான்.

நான் அந்த வரியைப் படித்தேன். முதலில் சின்னதாக ஒரு ஐஸ் அடி, பழம் தீர்ந்தது. அடுத்தது பெரிய அடி. எட்டாவது தடவை ஜெயித்தேன். (மிலோட்டிக்கை எப்படி என்று கேட்பவர்களுக்கு: நேரடியாக முட்டாமல் மின்சார அடி!)

ஆனால் மூன்றாவது குற்றத்தில் அண்ணன் பக்கம்தான் நியாயம். இந்த ரீமேக்கில் நாம் ஒரு சண்டை ஜெயித்தால் கையில் இருக்கும் ஆறு போக்கிமானுக்கும் அனுபவப் புள்ளி தானாகவே கிடைத்துவிடும். வேண்டாம் என்று அணைத்துவைக்கவும் முடியாது. பழையதில் அப்படி இல்லை, பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும். அதனால் ரீமேக்கில் வழி முழுவதும் ஊதித் தள்ளிக்கொண்டு போகிறோம். தோல்வியே தெரியாமல், பொருள்களைப் பற்றி யோசிக்காமல், எழுத்தைப் படிக்காமல் வந்து சேர்கிறோம். கடைசியில் போட்டிக்குப் போகிறவர்கள் மாதிரி யோசிக்கிற ஒருத்தி நிற்கிறாள். சிந்தியா மேல் தப்பில்லை நண்பர்களே. அவளிடம் போகிற பாதை மேல்தான் தப்பு.

சூப்பர் மரியோ ஆர்பிஜி ரீமேக்கில் வேறு வழி பிடித்தார்கள். 1996 கேம், 2023இல் புதிதாக வந்தது. கதையில் வரும் பாஸ்களைச் சின்னப் பிள்ளைகளும் ஜெயிக்கலாம், இன்னும் சுலபம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வசதி உண்டு. கதை முடிந்தபின் சில பழைய பாஸ்கள் பலமாகித் திரும்பி வந்து 'வா, மறுபடி பார்க்கலாம்' என்கிறார்கள். விரும்பினால் போகலாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

வாடிவாசலில் பார்த்தது

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வீடியோ கேமே வேண்டாம். வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில் நடக்கிற மாவட்டம் நம்முடையது.

ஜல்லிக்கட்டும் ஒரு வகையில் ரீமேக் பார்த்த விளையாட்டுதான். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில் ஊரே, நாடே திரண்டு போராடியபின் சட்டம் வந்து மறுபடி நடந்தது. 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. இப்போது அதற்கு எத்தனை விதிகள்! பதிவு செய்தவர்தான் இறங்கலாம். டாக்டர் பரிசோதனை. வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, திமில் மட்டும்தான். நாலு பேர் சேர்ந்து அமுக்கினால் பரிசு கிடையாது. பிடிக்கிறவருக்கு இது பழையதைவிடக் கடினம். ஆனால் யாரும் அழுகுணி என்று சொல்வதில்லை. ஏன்? விதியை மைக்கில் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். கீழே தேங்காய் நார் போடுகிறார்கள், பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. கடினமும் உண்டு, காப்பும் உண்டு.

எங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு காளை வளர்க்கிறார்கள். முதல் வருடம் வாடிவாசலைத் தாண்டி நேராக ஓடியது. இரண்டாம் வருடம் அதே காளை, அதே கொம்பு. ஆனால் வெளியே வந்ததும் ஓடாமல் திரும்பி நின்றுகொண்டது. ஒரு வருடம் நீச்சலும் மண் குத்துப் பயிற்சியும் கொடுத்திருந்தார் சித்தப்பா. போன தடவை திமிலைப் பிடித்த அண்ணன் ஒருவர், அது ஓடும் என்று நினைத்துப் பக்கவாட்டில் நின்று ஏமாந்துபோனார். நல்ல வேளை, அடிபடவில்லை. சாயங்காலம் டீக்கடையில் அவர் சித்தப்பாவிடம் சொன்னதைச் சித்தப்பா வீட்டில் வந்து சொன்னார்: "மாடு மாறிடுச்சுண்ணே. நான்தான் போன வருசத்து மாட்டப் பிடிக்கப் போயிட்டேன்."

போன வருசத்து மாட்டைப் பிடிக்கப் போவது! அண்ணன் பதினோரு தடவை செய்தது அதைத்தானே?

நம் பள்ளிக்கு வருவோம்

இப்போது இதை ஏன் நம் பள்ளிச் சுவரில் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் முதல் முறை நடந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும் நாங்கள் எல்லோரும் அன்றைக்குக் கைதட்டினோம். நானும்தான். பயம் குறைந்தது நல்லது. ஆனால் கேம் ஆடுகிற புத்தியில் யோசித்தால், நடுவில் இருந்த ஒரு பாஸை எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ என்ற கடைசி பாஸ் அப்படியே நிற்கிறான். போகிற பாதை இன்னும் சுலபமாகிவிட்டது. வருடம் முழுவதும் புத்தகத்துப் பின்பக்கக் கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்து, வகுப்புத் தேர்வில் எண்பது வாங்கி, ஊதித் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் உள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தால், "மாத்திட்டாய்ங்க" என்றுதான் நாமும் சொல்வோம்.

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். (பிளஸ் ஒன் 'ஆ' பிரிவு நண்பர்களே, என்னை அடிக்க வராதீர்கள்.) எங்கள் மாதத் தேர்வைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். நாங்கள் பார்க்காத கேள்வி இரண்டாவது வையுங்கள். அதில் தோற்றால் பிராக்ரஸ் கார்டில் சிவப்பு மை போடாமல், எங்கே தோற்றோம் என்று சொல்லிக்கொடுங்கள். இப்போதே சின்னச் சின்னதாகத் தோற்றுப் பழகிக்கொள்கிறோம். கடினமாக வையுங்கள், ஆனால் தயார் செய்து வையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அண்ணன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஐந்தாவது நாள் நானே போய்ப் பேசினேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பாதை மேல் தப்பு என்பதையும் சொன்னேன், உன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன். அப்புறம் கார்சோம்ப் சண்டையை அவன் முன்னால் ஆடிக் காட்டி, அந்த ஒரு வரி வந்ததும் பட்டனைத் தட்டாமல் நிறுத்தினேன். அவன் அதைப் படித்தான். இரண்டு தடவை படித்தான். "இது ஒவ்வொரு தடவையும் வந்துச்சா?" என்றான். "வந்துச்சுண்ணே" என்றேன்.

வேறு எதுவும் பேசவில்லை. மெஷினையும் கேட்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி அவன் அறையில் லைட் எரிந்தது. எட்டிப் பார்த்தேன். தான் தோற்ற அந்த இரண்டாவது தேர்வின் கேள்வித்தாளை முதல் தடவையாக விரித்து வைத்து, பென்சிலால் வரி வரியாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

சிந்தியாவை அவன் இன்னும் ஜெயிக்கவில்லை. சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அவன் எப்போது கேட்டாலும் கொடுப்பேன்.



பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு